பட்டப்பகலில் விளக்கு எதற்கு?

கும்பகோணம் பெரிய கடைத்தெரு. காலை பத்து மணி. வெயில் நன்றாக ஏறிவிட்டது. ஒரு வாலிபர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். வண்டியின் முன்விளக்கு எரிந்துகொண்டு இருக்கிறது.

எதிரே வரும் பெரியவர் அதைப் பார்க்கிறார். கையைத் தூக்கி, விரல்களைக் குவித்துக் குவித்து விரிக்கிறார்.

"தம்பி, லைட் எரியுது! அணைச்சிடுப்பா!"

வாலிபர் சிரித்துவிட்டுப் போகிறார். பெரியவருக்கு வருத்தம். நல்லதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்.

பெரியவர் மீது குற்றம் இல்லை. வாலிபர் மீதும் குற்றம் இல்லை. அந்த விளக்கை அணைப்பதற்கு அந்த வண்டியில் ஸ்விட்சே கிடையாது!

"பகல் விளக்குப் போல" என்று ஒரு பேச்சு உண்டு. ஒளி இழந்து, பயன் இல்லாமல் இருப்பதை அப்படிச் சொல்வார்கள். விளக்கு என்றால் இருட்டுக்குத்தான் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டது. ஆனால், சாலையில் இந்தப் பேச்சு இப்போது பொய்த்துப் போய்விட்டது. பகலில் எரியும் விளக்கு உயிரைக் காக்கும் விளக்காக இருக்கிறது.

புதிய வண்டிக்கு விதி

இந்தியாவில் விற்கப்படும் புதிய மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் முன்விளக்கு தானாக எரிய வேண்டும். 1-4-2017 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக சுப்ரீம் கோர்ட்டு ஒரு கமிட்டியை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் அப்போது அதன் தலைவராக இருந்தார். அந்தக் கமிட்டி சொன்ன யோசனையை மத்திய அரசு ஏற்று விதியாக்கியது.

புதிய கார்கள் பலவற்றிலும் முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்கு பகலில் எரிவதைக் காணலாம். சிலவற்றில் அது பட்டையாக இருக்கும். சிலவற்றில் புருவம் போல வளைந்து இருக்கும். அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அழகு இருக்கலாம். ஆனால், அதன் வேலை வேறு.

சரி, புதிய வண்டிக்கு விளக்கு வந்துவிட்டது. பழைய வண்டிக்கு?

2017-க்கு முன்னால் வாங்கிய மோட்டார் சைக்கிளில் விளக்கு தானாக எரியாது. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய கார்களில் பகல் விளக்கு இல்லை. தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகிறார். அண்ணன் விட்ட ஸ்கூட்டரைத் தம்பி எடுத்துக்கொள்கிறார். பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க எல்லோருக்கும் வசதி வந்துவிடாது.

ஆகவே, பழைய வண்டிக்குப் பகல் விளக்கு வேண்டுமா, வேண்டும் என்றால் அதை எப்படிச் செய்வது என்பது ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டிய கேள்வி.

பார்க்க அல்ல, தெரிய!

இரவில் விளக்கு எரிவது டிரைவர் சாலையைப் பார்ப்பதற்காக. பகலில் அவருக்குச் சாலை தெரிகிறது. விளக்கு தேவை இல்லை.

ஆனால், எதிரே வருகிறவருக்கு அவருடைய வண்டி தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் பகல் விளக்கு. இரவு விளக்கு தனக்கு உதவுகிறது. பகல் விளக்கு அடுத்தவனுக்கு உதவுகிறது. அடுத்தவன் விலகிக்கொள்வதால் விளக்கு போட்டவனும் பிழைக்கிறான்.

ஒரு கணக்கு பார்க்கலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் போகிறது. எதிரே அதே வேகத்தில் இன்னொரு வண்டி வருகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கும் வேகம் 120 கிலோமீட்டர். அதாவது, ஒவ்வொரு வினாடிக்கும் 33 மீட்டர் தூரம் குறைகிறது.

முன்னால் போகும் வைக்கோல் லாரியை அந்தக் கார் முந்த வேண்டும். அதற்கு 8 வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், எதிர்ப்பக்கம் 270 மீட்டர் தூரமாவது காலியாக இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் வரும் வண்டி கண்ணுக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். அது நிற்கிறதா, வருகிறதா என்றுகூடச் சட்டென்று புரியாது. நேருக்கு நேர் வரும் வண்டி, கிட்டே வந்த பிறகுதான் பெரிதாகிறது.

அந்தப் புள்ளியில் ஒரு விளக்கு எரிந்தால்? "வண்டி வருகிறது" என்று மனம் உடனே சொல்லிவிடும். கால் பிரேக்கில் போகும்.

இரண்டே இரண்டு வினாடி முன்னதாகத் தெரிந்தால் போதும். அந்த இரண்டு வினாடியில் இரு வண்டிகளும் சேர்ந்து கடக்கும் தூரம் 220 அடி. கும்பகோணம் சாரங்கபாணி கோவில் ராஜகோபுரத்தின் உயரம் 173 அடி. அதைவிட அதிகமான தூரம்! அவ்வளவு இடம் இருந்தால் ஒரு குடும்பம் தப்பித்துவிடும்.

பனி நாட்டில் பிறந்த பழக்கம்

இந்தப் பழக்கம் ஐரோப்பாவின் வடகோடியில் தொடங்கியது. அங்கே குளிர்காலத்தில் பகல் மிகவும் குறுகியது. சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லை.

பின்லாந்து நாடு 1972-ல் குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்று சட்டம் செய்தது. சுவீடன் 1977-ல் எல்லாச் சாலைக்கும், எல்லாக் காலத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. கனடா 1990-ம் ஆண்டு வாக்கில் புதிய வண்டிகளுக்குப் பகல் விளக்கு வேண்டும் என்றது. 2011 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மாதிரிக் கார்கள் எல்லாவற்றிலும் பகல் விளக்கு கட்டாயம் ஆயிற்று.

"அது பனி பெய்யும் நாடு. இது வெயில் காயும் நாடு. அங்கே சரி, இங்கே எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

உச்சி வெயிலில், திறந்தவெளியில், அகன்ற சாலையில் பகல் விளக்கால் கிடைக்கும் பலன் குறைவே. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சாதாரணக் கார்களில் பகல் விளக்கால் பெரிய மாறுதல் எதுவும் தெரியவில்லை என்றே முடிவு வந்தது. வேறு நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் பலன் உண்டு என்று காட்டின. ஆகவே, இதை மந்திரக்கோல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால், காவிரிப் பாசனப் பகுதியின் சாலை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

சோழநாட்டுச் சாலை

கும்பகோணத்தில் இருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு போகிற சாலை காவிரிக் கரையை ஒட்டிப் போகிறது. ஆறு வளைகிற இடத்தில் எல்லாம் சாலையும் வளைகிறது. ஒரு பக்கம் மூங்கில், மறுபக்கம் வாழை. நல்ல வெயில் நேரத்திலும் மர நிழல் சாலையில் கட்டம் கட்டமாக விழுகிறது. வெளிச்சத்தில் இருந்து நிழலுக்குள் நுழையும் வண்டி ஒரு கணம் மறைந்தே போகிறது. கறுப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

மார்கழியிலும் தை மாதத்திலும் விடிந்த பிறகும் வயல்வெளி முழுவதும் பனி மூடி இருக்கும். அந்த நேரத்தில்தான் பால்காரர் வருகிறார். பூக்கூடை வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். சம்பா அறுவடையும் அப்போதுதான். அறுவடை இயந்திரம் ஒரு வயலில் இருந்து இன்னொரு வயலுக்குச் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகிறது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் மலை நடப்பது போல நடக்கிறது. பல இடங்களில் சாலையிலேயே நெல்லைப் பரப்பிக் காயப் போடுகிறார்கள். பாதிச் சாலை நெல்லுக்கு. மீதிப் பாதி இரண்டு பக்கத்து வண்டிகளுக்கும்!

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மதியம் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்தது போல இருட்டிக்கொண்டு வரும்.

இன்னொரு பக்கம், விக்கிரவாண்டியில் இருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் பாதையில் பெரும்பகுதி நான்கு வழிச்சாலையாக மாறி இருக்கிறது. அதில் சேத்தியாத்தோப்புக்கும் சோழபுரத்துக்கும் இடையே உள்ள 50 கிலோமீட்டர் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அதில் வேகமாக வந்து பழகிய கண், கிராமத்துக் குறுகிய சாலையில் திரும்பியதும் வேகத்தைக் குறைக்க மறந்துவிடுகிறது.

இதுதான் சோழநாட்டுச் சாலை. நிழல், பனி, மழை, வளைவு, வைக்கோல், வேகம் எல்லாம் கலந்த சாலை. இங்கே பகல் விளக்குக்கு வேலை இருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

2022-ம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் மாநிலம்: 64,105 விபத்துகள். உயிர் இழந்தவர்கள் 17,884 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு.

மாலை 6 மணி முதல் 9 மணி வரை அதிக விபத்து நடக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்கு அடுத்தபடியாக அதிக விபத்து நடக்கும் நேரம் எது தெரியுமா? பிற்பகல் 3 மணி முதல் மாலை 6 மணி வரை. அது பகல் பொழுது! பள்ளிக்கூடம் விடும் நேரம். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம். வெயில் சாய்ந்து கண்ணில் அடிக்கும் நேரம்.

இருட்டில்தான் ஆபத்து, பகலில் பயமில்லை என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பந்தயக் காருக்குப் பகல் விளக்கு

பழைய வண்டிகளிலேயே பகல் விளக்கு அதிகம் தேவைப்படுவது எது? பழைய பந்தயக் கார் மாதிரி வண்டிகள்தான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று உண்டு. அங்கே பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. ஜனங்கள் திரண்டு போய்ப் பார்ப்பார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது. அந்தக் காலத்து வேகக் கார்களைப் பிள்ளையைப் போலப் பேணி வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் அதை எடுத்துக்கொண்டு கும்பகோணம், தாராசுரம், திருவிடைமருதூர் என்று கோவில் பார்க்க வருகிறவர்களும் உண்டு.

1961 முதல் சென்னையில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" கார் தயாரிக்கப்பட்டது. இங்கிலாந்தின் "டிரையம்ப் ஹெரால்டு" காரின் இந்தியப் பிறப்பு அது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-ல் "டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்" என்ற பந்தயக் கார் வந்தது. அதன் உயரம் 4 அடிதான். ஒரு பள்ளிக்கூடப் பையனின் உயரம்!

லாரி டிரைவர் உட்காரும் இடம் அதைவிட எவ்வளவோ உயரம். பஸ்ஸின் பக்கத்தில் வந்தால் அந்தக் கார் தெரியாது. வைக்கோல் வண்டிக்குப் பின்னால் இருந்தால் அடியோடு தெரியாது. கார் சிறியது, உயரம் குறைவு, வேகமோ அதிகம். விளக்கு இல்லாமல் அது பகலில் ஓடுவது, கண்ணாமூச்சி ஆடிக்கொண்டு சாலையைக் கடப்பது போல.

அப்படியானால், அதன் முன்விளக்கையே பகலில் போட்டுக்கொண்டு போகலாமே? போகலாம். ஆனால் ஒரு சங்கடம் உண்டு.

அந்தக் காலத்துக் கார்களில் மின்சாரம் தருவது டைனமோ. அது நன்றாக ஓடும்போது தருவதே சுமார் 20 ஆம்பியர். கார் நின்று நின்று போனால் அதுவும் வராது. முன்விளக்கு இரண்டும், பின்விளக்கும், நம்பர் விளக்கும் சேர்ந்து எரிந்தால் 10 ஆம்பியர் போய்விடும். கும்பகோணம் கடைத்தெருவில் அரை மணி நேரம் ஊர்ந்தால் பாட்டரி இறங்கிவிடும். அப்புறம் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டும்!

இதற்காகவே வந்தது எல்.இ.டி. பகல் விளக்கு. இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒன்று அல்லது ஒன்றரை ஆம்பியர் போதும். டைனமோவுக்குப் பாரம் இல்லை.

எப்படிப் பொருத்த வேண்டும்?

ஐரோப்பாவில் பகல் விளக்குக்குத் திட்டமான அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவு எந்த ஊருக்கும் நல்ல வழிகாட்டி.

விளக்கின் நிறம் வெள்ளை. நீலம், பச்சை, சிவப்பு கூடாது. ஒளி ஏறக்குறைய 400 மெழுகுவர்த்திக்குக் குறையக் கூடாது. 1,200 மெழுகுவர்த்திக்கு மிஞ்சக் கூடாது. அதாவது, தெரிய வேண்டும். கண்ணைக் கூசக் கூடாது.

தரையில் இருந்து 25 சென்டிமீட்டருக்குக் கீழே வைக்கக் கூடாது. ஒன்றரை மீட்டருக்கு மேலேயும் வைக்கக் கூடாது. இரண்டு விளக்குக்கும் நடுவே 60 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தால், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குக் காரா, மோட்டார் சைக்கிளா என்று தெரியாது.

சாவியைத் திருப்பி என்ஜின் ஓடினால் விளக்கு எரிய வேண்டும். இரவில் முன்விளக்கைப் போட்டால் பகல் விளக்கு தானாக அணைய வேண்டும். இதற்கு ஒரு ரிலே போதும். தனியாக ஒரு பியூஸும் போட வேண்டும். பியூஸ் இல்லாமல் ஒயரை இழுத்தால், ஒயர் உராய்ந்த அன்று வண்டியே எரிந்துபோகலாம்.

பழைய காரில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ் முனையை வண்டியின் உடம்போடு இணைத்திருப்பார்கள். இப்போதைய வண்டிகளில் மைனஸ் முனை உடம்போடு இருக்கிறது. கடையில் விற்கும் எல்.இ.டி. விளக்கு இப்போதைய முறைக்கு ஏற்றது. பார்க்காமல் மாட்டினால் விளக்கு எரியாது. சில சமயம் விளக்கே கெட்டுவிடும். அந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் செய்வதே நல்லது.

பழைய காரின் உடம்பில் ஓட்டை போடவும் வேண்டாம். முன்பக்கத்துக் கிராதியிலோ, பம்பரின் தாங்கியிலோ கட்டிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் நாளை கழற்றிவிடலாம். கார் கார்போலவே இருக்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும்

விளக்கு நல்லது என்பதற்காக மனம் போனபடி மாட்டலாமா? கூடாது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

ஆகவே, விளக்கை வாங்குவதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதே முறை. கும்பகோணத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. கேட்க வருகிறவரை அலைய விடாமல், எந்த விளக்கு சரி, எந்த விளக்கு தவறு என்று தெளிவாக எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது அதிகாரிகள் செய்யக்கூடிய பெரிய உதவி. சட்டம் தெரியாததால் பயப்படுகிறவர் ஒரு பக்கம். சட்டம் தெரியாததால் கண்டதை மாட்டுகிறவர் இன்னொரு பக்கம். இருவருக்கும் அந்த ஒரு காகிதம் போதும்.

கண்டதை மாட்டுகிறவர்கள் தொல்லை சாதாரணம் அல்ல. காட்டில் வேட்டைக்குப் போவது போல நெற்றியில் பெரிய வெள்ளை விளக்கு. மினுக் மினுக் என்று துடிக்கும் நீல விளக்கு. இது பகல் விளக்கு அல்ல. அடுத்தவன் கண்ணைக் குருடாக்கும் விளக்கு. தான் தெரிய வேண்டும் என்பதற்காக எதிரே வருகிறவனை ஒன்றும் தெரியாமல் செய்தால், அதில் என்ன பாதுகாப்பு?

முன்னால் விளக்கு, பின்னால் இருட்டு

பகல் விளக்கில் ஓர் ஆபத்தும் உண்டு. பலருக்கு இது தெரியாது.

பகல் விளக்கு பெரும்பாலும் வண்டியின் முன்பக்கம் மட்டும் எரியும். பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது. பனியிலோ மழையிலோ போகும்போது, முன்னால் வெளிச்சம் தெரிவதால், எல்லா விளக்கும் எரிகிறது என்று டிரைவர் நினைத்துவிடுகிறார். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு அந்தக் கார் தெரிவதே இல்லை.

ஆகவே, மழை வந்தால், பனி வந்தால், பொழுது சாய்ந்தால், கையால் ஸ்விட்சைத் திருப்பி முழு விளக்கையும் போட வேண்டும். பகல் விளக்கு நல்ல வெளிச்சத்துக்கு மட்டும்தான். இந்த ஒன்றை மறந்தால், காக்க வந்ததே கெடுத்துவிடும்.

விளக்கு இல்லாதவன் கதி?

எல்லா வண்டியிலும் விளக்கு எரிந்தால், விளக்கு இல்லாதவன் கண்ணில் படமாட்டானே என்று சிலர் கேட்கிறார்கள். இதை ஒதுக்கித் தள்ள முடியாது.

சைக்கிளில் போகும் பள்ளிச் சிறுமிக்கு விளக்கு கிடையாது. தலையில் புல்லுக்கட்டோடு நடக்கும் அம்மாளுக்கு விளக்கு கிடையாது. மாட்டு வண்டிக்கு விளக்கு கிடையாது. சாலை அவர்களுக்கும் சொந்தம். காருக்கு வழி கிடைப்பதற்கு முன்னாலேயே அது அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது.

ஆகவே, விளக்கு போட்ட வண்டிக்கு வழிவிடும் உரிமை கூடிவிடவில்லை. கடமைதான் கூடி இருக்கிறது. "என் விளக்கு எரிகிறது, எல்லோரும் விலகுவார்கள்" என்று வேகத்தைக் கூட்டுகிறவர், விளக்கு இல்லாமல் போகிறவரைவிடப் பொல்லாதவர்.

விளக்கு இல்லாதவர்களுக்கும் செலவில்லாத வழிகள் உண்டு. சைக்கிளின் மட்கார்டில் ஒரு சிவப்புப் பிரதிபலிப்புத் தாள் ஒட்டலாம். வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்விளக்கை வைக்கோல் மூடிவிடுகிறது. வைக்கோலுக்கு மேலேயே ஒரு பிரதிபலிப்புப் பலகையைத் தொங்கவிடலாம். விடியற்காலையில் நடக்கிறவர்கள் வெளிர் நிறத் துணி உடுத்தலாம்.

ஏழைக்கும் முடியும்

பழைய பந்தயக் கார் வைத்திருப்பவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர். அவர் நல்ல விளக்கு வாங்குவார். நல்ல மெக்கானிக்கைத் தேடுவார். ஆனால், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஊருக்கு ஆயிரம் பேர்.

அவருக்கு ஒரு பைசா செலவு இல்லை. வண்டியை எடுத்ததும் முன்விளக்கு ஸ்விட்சைப் போட வேண்டும். "பிரைட்" வேண்டாம், "டிம்" போதும். ஹெல்மெட்டை மாட்டுகிற கை, அப்படியே விளக்கையும் போட்டுவிட வேண்டும். ஒரு மாதம் செய்தால் பழகிவிடும்.

கணவன் வேலைக்குப் புறப்படும்போது, "பை எடுத்தீங்களா, சாப்பாடு எடுத்தீங்களா?" என்று மனைவி கேட்பது வழக்கம். இனி "லைட் போட்டீங்களா?" என்றும் கேட்கலாம். அப்பா பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும்போது பிள்ளையும் கேட்கலாம். பிள்ளை கேட்டால் அப்பா மறுக்கமாட்டார்.

தெருவில் போகிறவர் கையைக் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று சொன்னால், கோபம் வேண்டாம். சிரித்துத் தலையை ஆட்டினால் போதும். இன்னும் சில ஆண்டுகள் போனால், அதே கை வேறு விஷயம் சொல்லும். "தம்பி, லைட் எரியலை, போட்டுக்க!" என்று சொல்லும்.

விளக்கு ஊருக்கு அழகு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோவில் இருக்கிறது. அங்கே வார்க்கும் குத்துவிளக்கு உலகம் எங்கும் போகிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. கல்யாண வீட்டில் பகல் முகூர்த்தத்திலும் அந்த விளக்கை ஏற்றுகிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்றா ஏற்றுகிறார்கள்? இல்லை. வருகிறவர்களுக்கு மங்கலம் உண்டாகட்டும் என்று ஏற்றுகிறார்கள்.

சாலையில் எரியும் பகல் விளக்கும் அப்படித்தான். எதிரே வருகிறவன் நன்றாக வீடு போய்ச் சேரட்டும் என்பதே அதன் பொருள்.

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016-ல் நடந்தது. அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. நாலா பக்கத்தில் இருந்தும் கார், பஸ், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் கும்பகோணத்தை நோக்கி வரும். பழைய வண்டியும் வரும். புதிய வண்டியும் வரும். பாதை தெரியாதவர்கள் ஓட்டி வருவார்கள். இரவெல்லாம் கண்விழித்து வருகிறவர்களும் இருப்பார்கள்.

அதற்குள் இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு பழைய வண்டியிலும் பகலில் விளக்கு எரிகிற பழக்கம் வந்துவிட வேண்டும். தெருமுனையில் உள்ள மெக்கானிக் கடை அதற்கு உதவலாம். வண்டி பழுது பார்க்க வருகிறவரிடம், "ஹெட்லைட் கண்ணாடி மங்கிப் போயிருக்கு, துடைச்சு வெச்சிருக்கேன், பகல்லயும் போட்டு ஓட்டுங்க அண்ணே" என்று சொன்னால் அதுவே பெரிய தொண்டு.

குளிக்க வருகிறவர்கள் குளித்துவிட்டு, குடும்பத்தோடு சுகமாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு ஒரு ஸ்விட்சைத் தட்டுவது பெரிய வேலையா?